லோரியில் வந்த விசுவாசிகள்

என் கணவர் போதகர். மலாக்காவில், காஜா பெராங்கில் முன்பு சைக்கிள் கடையாக இருந்த ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்து, அதில்தான் எங்கள் சபை நடந்தது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் சுவரில் பழைய சைக்கிள் எண்ணெயின் கறுப்பு மறுபடி எட்டிப் பார்க்கும். பாவத்தைப் பற்றிப் பேசும்போது அவர் அந்தச் சுவரைக் கைகாட்டுவார். கைகாட்டிய இடத்தில் சாய்ந்திருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. ஊர் முழுக்க எல்லோரும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சபை ஆள் வரும் என்று எதிர்பார்த்தது. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸர் ஒருவர், நகராண்மைக் கழகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஒருவர், இரண்டு வாத்தியார்கள், அவர்களுடைய குடும்பங்கள். இவர்கள் போக மீதி பெஞ்சுகள் காலி. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் கிராணியார் கண்ணீர் மல்க, "ஆண்டவரே, இந்த இடத்தை நிரப்பும்" என்று வேண்டிக்கொள்வார். யாரைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்று அவர் ஒருநாளும் குறிப்பிட்டுச் சொன்னதில்லை.

என் கணவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நான் இதே ஊரில் பண்டார் ஹிலிரில் பிறந்து, ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். வேதப்புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியேதான் அவர் பேசுவார். கடைக்குப் போய் "வெங்காயம் உண்டாயிருக்கிறதா?" என்று கேட்டு, கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. அவருக்குப் பிடித்த பிரசங்கம், அந்நியரைச் சேர்த்துக்கொள்வது பற்றியது. வீடில்லாதவனுக்கு வீட்டைத் திற, பசித்தவனுக்கு உன் அப்பத்தைப் பிட்டுக் கொடு என்று வாராவாரம் ஏதாவது ஒரு வழியில் அங்கே வந்து சேர்ந்துவிடுவார். சபையாரும் தலையாட்டுவார்கள். அதுவரை யாரும் வந்து எங்கள் கதவைத் தட்டியிருக்கவில்லை என்பதால் தலையாட்டுவதில் ஒரு சிரமமும் இல்லை.

சபைக்கு மேல்மாடியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தார். நாங்கள் அவரை மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். எங்களுக்கு வாடகை முதலியவற்றுக்கு உதவிய மிஷன்தான் அவரை அனுப்பியிருந்தது. மிஸ்ஸி தன் வயதில் பாதியைச் சீனாவில் ஊழியம் செய்து கழித்தவர். அங்கே ஆட்சி மாறியதும், கையில் ஒரு பெட்டியோடு வெளியே அனுப்பப்பட்டவர். சீனமொழி இரண்டு மூன்று வகை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆகவே மேலிடத்தில் நன்றாக யோசித்து, அவரைத் தமிழர் மத்தியில் வேலை செய்ய அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் வந்த இரண்டு வருஷத்தில் அவர் கற்ற தமிழ், வாங்க, சாப்பிடுங்க, போதும், நல்லது என்ற நான்கு சொற்கள். அந்த நான்கை வைத்துக்கொண்டே எங்களோடு அன்பாகக் காலம் தள்ளினார். நானும் அவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவர் எங்கள் தலைக்கு மேலேயே குடியிருக்கிறார் என்பது பிரசங்கம் கேட்ட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளைக்காரியை யார் அகதி என்று நினைப்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் தோட்டத் துண்டாடல் தொடங்கியிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். வாங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாக்கி வேறு பலருக்கு விற்றார்கள். சின்னத் துண்டு வாங்கியவனுக்குக் குடும்பத்தோடு சேர்ந்து மரத்தைக் கீறிப் பால் வெட்டத் தெரியும். பரம்பரையாகத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் இருந்தவர்களை அவன் என்ன செய்வான்? போகச் சொன்னான். ஜாசின் பக்கத்தில் அப்படி உடைந்த ஒரு தோட்டத்திலிருந்து, காலில் புண்ணோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். கட்டுப் போடும்போது எங்கள் டிரெஸர் ஆறுதலாகப் பேசியிருக்கிறார்.

"காஜா பெராங்கில எங்க சபை இருக்கு. அந்நியரைச் சேர்த்துக்கணும்னு எங்க பாஸ்டர் சொல்லாத வாரமே கிடையாது."

டிரெஸர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். காலில் கட்டோடு போனவர் அதை அப்படியே நம்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், நான் மறுநாள் ஆராதனைக்காக பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. ஐந்து குடும்பங்கள். சட்டி பானை, சுருட்டிய பாய், கோழிக்கூடை, ஓர் ஆட்டுக்கல். லோரியின் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில், மடியில் மஞ்சள் துணி போட்ட ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். அவள்தான் முதலில் இறங்கினாள்.

"சேத்துக்கிற எடம் இதுதானுங்களா?" என்று கேட்டாள்.

நான் உள்ளே போய் என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் வெளியே வந்தார். லோரியைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த வார்த்தைகளெல்லாம் ஒரேயடியாக ஐந்து குடும்பமாகி வாசலில் நின்றால் யாருக்குத்தான் முகம் மாறாது? அவர் தொண்டையைச் செருமினார். ஒரு வேதவாக்கியம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"இதை எங்க இறக்கணும்?" என்று ஆட்டுக்கல்லைக் காட்டிக் கேட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே ஒரு பக்கம் தூக்கினார். அவர் வாயிலிருந்து பேச்சுத்தமிழ் வந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"சாமி, நீங்க தூக்காதீங்க சாமி" என்றார் கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டே வந்தவர். அவர் அந்தப் பெண்ணின் தம்பி.

"என்னைச் சாமின்னு கூப்பிடாதீங்க."

"சரிங்க சாமி."

எல்லாம் இறக்கி முடிந்த பிறகும் அந்தப் பெண் மஞ்சள் துணி மூட்டையைக் கீழே வைக்காமல் கடைமுன் நடைபாதையில், அஞ்சடியிலேயே நின்றாள். "எங்க தோட்டத்து மாரியம்மா" என்றாள். "கோயில் நிலமும் வித்துப்போச்சு. இவளை எங்க வைக்கிறது?"

என் கணவர் அந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார்: "உள்ளே நான் வைக்க முடியாதும்மா. வேற எங்காவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்கன்னு சொல்லவும் எனக்கு மனசு வரலை."

பக்கத்து வீட்டில் ஒரு மலாக்காச் செட்டிக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாள் சாரோங் கட்டி, கெபாயா போட்டு, தலைமுறை தலைமுறையாக இந்துவாக இருப்பவர். தமிழ் ஒரு வாக்கியம் வராது. இந்தக் காட்சியை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், என்ன பேச்சு என்று புரியாமலே எல்லாம் புரிந்துகொண்டு வெளியே வந்து, "சினி லா, ருமா சாயா பெசார்" என்று கையை நீட்டினார். இங்கே கொண்டு வா, என் வீடு பெரியது என்று மலாயில் சொன்னார். மாரியம்மன் அப்படித்தான் செட்டியம்மா வீட்டுப் பூசையறைக்குக் குடிபோனாள். தமிழ் தெரியாத வீட்டில் அவளுக்கு விளக்கு எரிந்தது. தமிழ் பொழிந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை. என் கணவருக்கு இது தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. கிராணியார் குடும்பத்தோடு வந்தவர் வாசலில் ஒரு கணம் மலர்ந்துபோய் நின்றார். அவருடைய ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு, பாய்ச்சுருளும் ரப்பர்ப் பால் நாற்றமும் கூண்டுக்குள் கோழியும் தெரியத் தொடங்கின. அன்றைய பிரசங்கம் முழுக்க அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அழுகிறார் என்று பின்வரிசையில் நினைத்துக்கொண்டார்கள்.

வந்தவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த அந்தப் பெண்ணை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். அவள் புருஷன் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவன், திரும்பவில்லை. அதன் பிறகு அவளே பால்மரம் வெட்டி, தம்பியை ஆளாக்கி, லயத்துச் சண்டைகளையெல்லாம் தீர்த்துவைத்துக் காலம் ஓட்டியிருக்கிறாள். எங்கள் சமையலறை இரண்டாம் நாளே அவள் கைக்குப் போய்விட்டது. நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க போய் பைபிள் படிங்க பாஸ்டரம்மா" என்றாள்.

அடுத்த வாரம் சபைப் பெரியவர்கள் கூடினார்கள். துரத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் நல்லவர்கள். இருக்கட்டும், ஆனால் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு இருக்கட்டும் என்பது அவர்கள் கருத்து. நம் வீட்டில் தங்குகிறவர்கள் நம்மைப் போல இருப்பதுதானே முறை என்றார் கிராணியார்.

"சோத்தைப் போட்டுட்டு அதுக்குப் பதிலா ஞானஸ்நானம் கேட்டா அதுக்குப் பேரு கடை" என்றார் என் கணவர். "ஏற்கெனவே இந்த இடம் ஒரு தடவை கடையா இருந்தாச்சு."

விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் கூட்டத்தில் பேசியது அடுப்படிவரை கேட்டிருக்கிறது. இரண்டு நாள் கழித்து ஐந்து குடும்பமும் குளித்து, தலைவாரி, வரிசையாக வந்து நின்றது. அக்காதான் பேசினாள்.

"எங்க முங்கணும்னு சொல்லுங்க சாமி. முங்கிட்டு வந்துடறோம். அடுப்புல உலை வச்சிருக்கேன்."

என் கணவர் அவர்களை உட்காரவைத்து, அது அப்படிச் செய்யும் காரியம் இல்லை, உள்ளத்தில் நம்பிக்கை வரவேண்டும், இங்கே இருப்பதற்கு அது தேவையே இல்லை என்று பொறுமையாக விளக்கினார். அவர்கள் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். ஒரு முகத்திலும் சந்தோஷம் இல்லை. எனக்குக் காரணம் புரியவில்லை. மாலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அக்கா தலைநிமிராமல் கேட்டாள்.

"பாஸ்டரம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? சாமி ஜாதி பாப்பாரா?"

"ஏன் அக்கா அப்படிக் கேக்குறீங்க?"

"கிறிஸ்துவங்கன்னா யாரு வந்தாலும் சேத்துக்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நாங்களா வந்து கேட்டும் வேணாங்கிறாரே. அப்ப எங்க மேல ஏதோ கொறைன்னுதான அர்த்தம்?"

அதை நான் என் கணவரிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கட்டாயப்படுத்தக் கூடாது என்று நெஞ்சுறுதியோடு எடுத்த முடிவு, படி ஏறக் கூடாது என்று சொன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை அவர்களோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் பரிமாறச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அக்கா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மிஷன் எங்களைக் கைவிடவில்லை. மிஸ்ஸி எழுதிய விண்ணப்பத்துக்குப் பதிலாகக் கடல்கடந்து பெரிய மூட்டைகள் வந்தன. எங்கோ குளிர்தேசத்து நல்ல மனிதர்கள் ஜெபத்தோடு அனுப்பியவை. பிரித்துப் பார்த்தோம். முழங்கால்வரை நீளும் கம்பளிக் கோட்டுகள், கம்பளிக் காலுறைகள், காதை மூடும் குல்லாய்கள். மலாக்கா வெயிலில் அஞ்சடியில் அவற்றை விரித்துப் போட்டிருந்ததைப் பார்த்து, தெருவில் போன மலாய்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி விசாரித்தார். காலுறைகளை வெட்டி அக்கா சட்டி இறக்கும் துணியாக்கினாள். கோட்டுகளைப் பாய்க்கு அடியில் போட்டுப் பிள்ளைகள் தூங்கினார்கள்.

உண்மையான உதவி வந்தது வேறு வழியில். வந்தவர்களுக்கு வேண்டியது வேலை. ஊரில் வேலை கொடுக்கக் கூடியவர்கள் பெரும்பாலும் சீன முதலாளிகளான தவுக்கேமார்கள். எங்கள் டிரெஸரும் வாத்தியார்களும் போய்க் கேட்டுப் பார்த்தார்கள். தவுக்கேமார்கள் கையை விரித்தார்கள். ஒருநாள் மிஸ்ஸி தொப்பியை மாட்டிக்கொண்டு அக்காவின் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஐஸ்கட்டி செய்யும் ஒரு கம்பெனி. தவுக்கே பனியனோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி உள்ளே போய், அவருடைய சொந்த ஊர்ப்பேச்சில், அந்த ஊர் இழுவையோடு ஏதோ சொன்னார். தவுக்கேயின் கரண்டி நடுவழியில் நின்றது. பிறகு நாற்காலி வந்தது, தேநீர் வந்தது, வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தவுக்கேயின் கிராமத்துக்கு இரண்டு ஆற்றுக்கு அப்பால்தான் மிஸ்ஸி வாழ்ந்திருக்கிறார். இருவரும் ஊர்க்கதை பேசினார்கள். நடுவில் மிஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவுக்கே கூரையைப் பார்த்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

வெளியே வந்தபோது அக்காவின் தம்பிக்கு வேலை உறுதியாகியிருந்தது. ஐஸ் அறைக்குள் கட்டிகளை அடுக்கும் வேலை. மறுநாள் பிள்ளைகளுக்கு அடியிலிருந்து கம்பளிக் கோட்டு ஒன்றை உருவிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அந்த மூட்டைகளை அனுப்பிய நல்ல மனிதர்கள் மனதில் கண்ட காட்சி அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு மிஸ்ஸி ஒவ்வொரு கடையாக ஏறினார். மர ஆலை, சலவைக்கடை, சோயா சாஸ் செய்யும் இடம். தமிழர்களுக்கு உதவ வந்த அவர், சீனர்களோடு சீனமொழியில் பேசித்தான் தமிழர்களுக்கு உதவினார். மேலிடம் தப்பான ஆளை அனுப்பிவிட்டது என்று அதுவரை நாங்கள் பேசிக்கொண்டது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

இப்படியிருக்கும்போது சிங்கப்பூரிலிருந்து மிஷனின் பெரியவர் வருகிறார் என்று செய்தி வந்தது. ஊழியம் கனி கொடுக்கிறதா என்று பார்க்க வருகிறாராம். கனி என்றால் ஞானஸ்நானம். எங்கள் சபையில் வெகுகாலமாக யாரும் முழுக்கு எடுக்கவில்லை. "இந்தத் தடவை ஒண்ணும் காட்டலைன்னா மூடிடுவாங்க" என்று கிராணியார் சமையலறைப் பக்கத்திலேயே நின்று சொன்னார். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

அக்கா என்னிடம் வந்தாள். "சாமிக்கு வேலை போயிடுமா?"

"அப்படித்தான் பேசிக்கிறாங்க."

"எத்தனை பேரு பாடினா போதும்?"

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஒரு பாட்டுச் சொல்லிக்குடுங்க" என்றாள். போதகரின் மனைவியிடம் ஒருவர் வந்து பாட்டுச் சொல்லிக்கொடு என்று கேட்டால் சொல்லிக்கொடுப்பதுதானே முறை. சொல்லிக்கொடுத்தேன். என் கணவர் வீடு வீடாகச் சந்திக்கப் போகும் நேரமாகப் பார்த்து, கிணற்றடியில் பெண்கள் துணி தப்பிக்கொண்டே பாடினார்கள். சொற்கள் என்னுடையவை. ராகம் இரண்டே நாளில் அவர்களுடையதாகிவிட்டது. திருவிழாக் கும்மியின் தாளத்தில், ஒவ்வோர் அடியும் முடியும் இடத்தில் ஒரு துள்ளலோடு, அந்தப் பாட்டு இவ்வளவு உயிரோடு இருந்து நான் கேட்டதே இல்லை.

பெரியவர் வந்த ஞாயிற்றுக்கிழமை. உயரமான, சிவந்த, அன்பான மனிதர். வேர்வை வழிந்துகொண்டே இருந்தது. முன்வரிசைகள் முழுவதும் தோட்டத்துக் குடும்பங்கள். பொட்டு இல்லை, குங்குமம் இல்லை. ஆண்களின் நெற்றியில் திருநீறு அழித்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. என் கணவர் உள்ளே நுழைந்து அவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

அவர்கள் எழுந்து பாடினார்கள். சுவர் அதிர்ந்தது. பெரியவர் கைதட்டத் தொடங்கினார். தாளம் அவருக்குப் பிடிபடவில்லை, ஆனாலும் விடவில்லை. பிரசங்கத்தின் நடுவில், பக்கத்து வீட்டில் செட்டியம்மா மாரியம்மனுக்குப் பூசை வைத்து மணி அடித்தார். முன்வரிசை முழுவதும் தன்னையறியாமல் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பெரியவர் அப்போது பாவமன்னிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குரல் தழுதழுத்து நிறுத்திவிட்டார்.

முடிந்ததும் அவர் சாட்சி கேட்க விரும்பினார். கேள்வி ஆங்கிலத்தில். என் கணவர் மொழிபெயர்க்க வேண்டும். என் கணவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"இவர்கள் ஆண்டவரிடம் எப்படி வந்தார்கள் என்று கேளுங்கள்."

அக்கா எழுந்தாள். "லோரியிலதாங்க வந்தோம். ஆட்டை எல்லாம் அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்."

என் கணவர் அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். பெரியவர் நெஞ்சில் கைவைத்தார். "எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்" என்றார்.

அடுத்து தம்பி. "பழைய வாழ்க்கைக்குத் திரும்பிப் போக ஆசை உண்டா?"

"ஆசைப்பட்டு என்ன செய்ய? லயத்தையே இடிச்சுட்டாங்க."

திரும்பிப் போக ஒன்றும் இல்லை, இருந்த வீடு இடிக்கப்பட்டுவிட்டது என்று என் கணவர் மொழிபெயர்த்தார். பெரியவர் கண்ணை மூடி ஆமென் என்றார்.

"இங்கே இவர்களுக்கு என்ன கிடைத்தது?"

இதற்கு அக்கா ஒன்றும் தயார்செய்து வைத்திருக்கவில்லை.

"எடம் கிடைச்சுதுங்க. இன்னிவரைக்கும் யாரும் போன்னு சொல்லல."

என் கணவர் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். மேல்மாடிப் படியில் உட்கார்ந்திருந்த மிஸ்ஸி, தமிழ் புரியாதவர், ஆங்கிலத்தில் அதைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு முன் என் கணவர் பெரியவரைத் தனியாக அழைத்துப்போய், நான் கேட்கும்படியே சொன்னார். "ஐயா, இவர்கள் இந்துக்கள். இதில் ஒருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. என்மேல் உள்ள அன்பினால் இன்று பாடினார்கள்."

பெரியவர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சகோதரரே, உங்கள் தாழ்மையைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றார். பிறகு அக்கா வைத்த கோழிக்குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் போன பிறகு என் கணவர் அக்காவிடம் வந்து நின்றார். கோபமாகத்தான் வந்தார் என்று நினைக்கிறேன்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"நீங்க எங்களுக்கு எடம் குடுத்தீங்க. உங்களுக்கு ஆளு வேணும்னாங்க. குடுத்தோம்" என்றாள் அக்கா, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே.

அவர் தேய்த்த பாத்திரங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

மாத முடிவில் மிஸ்ஸி சிங்கப்பூர்க் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் எங்களிடம் சொன்னார். பெரியவர் எங்கள் சபையைப் பற்றி அத்தனை பேர் முன்னிலையிலும் புகழ்ந்தாராம். இவ்வளவு உறுதியாக வேர்பிடித்துவிட்ட சபைக்கு வெளி உதவி இனித் தேவையில்லை, தன் காலிலேயே நிற்கட்டும் என்று முடிவாகிவிட்டது. வருஷக் கடைசியோடு உதவி நின்றுவிடும். மிஸ்ஸியை குருபோங் பக்கம், கம்யூனிஸ்ட் கலகத்தின்போது வந்த அவசரகாலத்தில் கம்பிவேலிக்குள் கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்ட சீனர்கள் இருக்கும் ஒரு புதுக்கிராமத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடைசியில் அவரைச் சீனர்களிடமே அனுப்பிவிட்டார்கள், அதுவும் தமிழர்களுக்கு அவர் இன்றியமையாதவராகிவிட்ட பிறகு.

நான் சமையலறைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் சுமாராப் பாடியிருக்கணும் போல" என்றாள்.

நான் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் தவித்தேன். என் கணவர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். சொன்னதும் அவரும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

சபை மூடவில்லை. அவர் வாரநாட்களில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வாத்தியார் வேலைக்குப் போனார். மற்றதைச் சபையார் பார்த்துக்கொண்டார்கள், அதிலும் கிராணியார் முன்னால் நின்றார். விசுவாசம்தான் காரணம் என்று அவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அக்கா போடும் சாப்பாடு என்று அவர் மனைவி சொன்னார். வேலை கிடைத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக புக்கிட் காதில் பக்கம் இடம் பார்த்து, காடு வெட்டி, பலகை வீடு கட்டிக்கொண்டு போயின. மாரியம்மன் செட்டியம்மா வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளில் செட்டியம்மா அழுத அழுகைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

எல்லோரும் போய், எங்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்று ஆன பிறகு, அக்காவின் தம்பி மட்டும் ஞாயிறுதோறும் சைக்கிளில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். ஒருநாள் முழுக்கு வேண்டும் என்று கேட்டார். என் கணவர் மறுத்தார். அடுத்த மாதம் மறுபடி கேட்டார், மறுபடி மறுத்தார். மூன்றாம் முறை, ஏன் வேண்டும் என்றாவது சொல்லுங்கள் என்று உட்காரவைத்தார்.

"சோறு போட்டவங்க எல்லாரும் எங்ககிட்ட ஏதாவது கேட்டிருக்காங்க சாமி. தொரை கேட்டான், கங்காணி கேட்டான், ஓட்டுக்கு வந்தவன் கேட்டான். நாங்களே கொண்டாந்து குடுத்தும் வேணாம்னது நீங்க ஒருத்தர்தான். அது யாரு சொல்லிக்குடுத்ததுன்னு பாக்கத்தான் வந்தேன். பாத்துட்டேன்."

பண்டார் ஹிலிர்க் கடற்கரையில், கணுக்கால் சேற்றைக் கடந்து ஆழம் தேடிப் போய், என் கணவர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மிஸ்ஸி புதுக்கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். அக்காவும் வந்து கரையில் நின்றாள். தம்பி ஈரம் சொட்ட ஏறிவந்ததும் துண்டை எடுத்து அவர் தலையை அழுத்தித் துவட்டினாள்.

அதற்கப்புறம் இரண்டொரு வருஷம் கழித்து நான் புக்கிட் காதிலுக்கு அவளைப் பார்க்கப் போனேன். வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தது. அதில் கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். வேறொரு தோட்டம் துண்டாடப்பட்டு வந்தவர்களாம். பாசாரில் மழையில் நனைந்துகொண்டு நின்றவர்களை அக்கா கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நல்ல ஜனங்கதான்" என்றாள், எனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டே. "ஆனா வேதக்காரங்க. விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சு ஜெபம். ஒருத்தருக்கும் தாளமே வரல, பாஸ்டரம்மா. கேக்க முடியல."

"நீங்க சொல்லிக்குடுக்க வேண்டியதுதானே" என்றேன்.

"சொல்லலாம்தான்" என்றாள். "அவங்க வீட்ல இருந்தா சொல்லுவேன். என் வீட்ல இருக்கறப்ப எப்படிச் சொல்றது?"

பின்பக்கம் யாரோ விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த மனுஷனுக்கு சோயா சாஸ் கடையில் வேலை கிடைக்குமா, மிஸ்ஸி ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டாள். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.